ஓடுபாதையில் நின்றுவிட்ட விமானம்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியில், உப்புவெளியில், பொதுநலவாய நாடுகளின் போர் மயானம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உயிர்நீத்த கடற்படையினரும் தரைப்படையினரும் அங்கே துயில்கின்றனர்; விமானப்படையினரும் அவர்களிடையே உளர். போரில் மடிந்த விமானப்படையினர் யாவரும் எதிரியின் குண்டுக்கு இரையானவர்களே என நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. பயிற்சியிலும், பழுதிலும், புறப்படும்போதும், இறங்கும்போதும் மாண்டவர்கள் அக்காலத்தில் ஏராளம்.

சில மாதங்களுக்கு முன்னர், ஒரு போயா விடுமுறையின் மாலைப்பொழுதில், அந்த மயானத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். விமானங்களின் மீது தீராத காதல் கொண்ட நால்வர் அங்கே அமர்ந்திருந்தனர். மூவர் இளைஞர்கள். நான்காமவர் எழுபதைக் கடந்தவர்; சீனன்குடா விமானத்தளத்துக்கு எயர் சிலோன் விமானங்கள் வந்துபோன நாட்களைச் சிறுவனாகக் கண்டவர். இளைஞரில் ஒருவர் தம் கைபேசியில் ஒரு காட்சியை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். எங்கோ ஓர் அயல்நாட்டு வான்காட்சி விழா. வெள்ளிநிற டக்கோட்டா ஒன்று ஓடுபாதையில் விரைகிறது, வால் மெல்ல உயர்கிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது. திடீரென ஒரு பக்கத்து என்ஜினிலிருந்து கரும்புகை. இரைச்சல் அடங்குகிறது. விமானம் தள்ளாடி, ஓடுபாதையின் கோடியில் நின்றுவிடுகிறது.

"சே, பறக்காமலே போய்விட்டதே!" என்றார் அந்த இளைஞர்.

"தம்பி, அந்த விமானி அன்றைக்குச் செய்ததிலேயே பெரிய வேலை அதுதான்" என்றார் பெரியவர்.

அதன் பின்னர் இருட்டும்வரை நடந்த வாதத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றது சரியா, பறந்திருக்க வேண்டுமா, பழைய விமானங்களை இன்னும் பறக்கவிடலாமா என்று பேச்சு நீண்டது. பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளாக இருக்கும் எனக்கு அதில் ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. புறப்பட இருந்த விமானம் ஓடுபாதையில் நின்றுவிட்டால், "பயணிகள் அவதி" என்றோ "மயிரிழையில் தப்பினர்" என்றோ தலைப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறவர்கள் நாங்கள். அந்த இரண்டு தலைப்புகளுமே பெரும்பாலும் தவறானவை. நிற்பது என்னும் அச்செயல் எத்தகையது, அதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, அதனைத் தீர்மானிப்பவை எவை என்பதை வாசகர்களுக்கு விளக்க நாங்கள் முயன்றதேயில்லை.

விமானம் புறப்படும் ஓட்டத்தில் ஒரு குறித்த வேகம் உண்டு. விமானிகள் அதனை வி-1 என்பர். முடிவு வேகம் என நாம் சொல்லலாம். அந்த வேகத்தை எட்டுவதற்குள் ஏதேனும் கோளாறு தென்பட்டால் நிறுத்தத் தொடங்க வேண்டும். அதனைக் கடந்துவிட்டால், ஓர் என்ஜின் செயலிழந்தாலும் பறந்தே ஆகவேண்டும். ஏனெனில் அதன் பின்னர் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் எஞ்சியிருக்கும் ஓடுபாதை போதாது. இந்த வேகம் எல்லா நாளும் ஒன்றாக இராது. விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், காற்றின் திசை, வெப்பநிலை, பாதை உலர்ந்திருக்கிறதா நனைந்திருக்கிறதா என்பனவற்றைக் கொண்டு ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அது தனியே கணிக்கப்படுகிறது. திருகோணமலையின் நண்பகல் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைகிறது. என்ஜினின் உந்துவிசையும் இறக்கையின் தூக்குவிசையும் அதனோடு குறைகின்றன. காலையில் எளிதாக எழும் அதே விமானத்துக்கு நண்பகலில் கூடுதலான ஓட்டம் வேண்டியிருக்கிறது. மாரிகாலத்தில் பாதையில் தேங்கும் நீர் நிறுத்துவதைக் கடினமாக்குகிறது.

முடிவு வேகத்தில்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதும் ஒரு பிழையான எண்ணம். அந்த வேகத்தை எட்டும்போது முடிவு எடுக்கப்பட்டு, நிறுத்துவதற்கான முதற் செயல் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியாயின் சிந்திப்பதற்கு எஞ்சும் நேரம் எவ்வளவு? ஒரு நொடி, சில வேளைகளில் அதுவும் இல்லை. வேகத்தோடு சேர்ந்து வளரும் ஆற்றலையும் கணக்கில் கொள்ள வேண்டும். மணிக்கு 150 கிலோமீற்றரில் ஓடும் விமானத்தை நிறுத்துவதைவிட, 260 கிலோமீற்றரில் ஓடும் அதே விமானத்தை நிறுத்த மூன்று மடங்கு ஆற்றலை பிரேக்குகள் விழுங்க வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. சக்கரங்கள் கொதித்து டயர்கள் வெடித்துவிடாதிருக்க, குறித்த வெப்பத்தில் தாமே உருகிக் காற்றை வெளியேற்றும் செருகிகள் அவற்றில் பொருத்தப்பட்டிருக்கின்றன. புதிய விமானம் ஒன்றுக்குச் சான்றிதழ் வழங்குமுன், தேய்ந்த பிரேக்குகளோடும் உச்ச எடையோடும் அதனை ஓட்டி நிறுத்திக் காட்டுவர். நின்றபின் ஐந்து நிமிடங்கள் தீயணைப்பு வீரர்கள் அருகே வராமலே அது தாக்குப்பிடிக்க வேண்டும்.

அமெரிக்க விமானத் துறையினர் 1990 வரையான ஜெட் விமானப் பதிவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது சில உண்மைகள் வெளிப்பட்டன. ஏறத்தாழ மூவாயிரம் புறப்பாடுகளுக்கு ஒன்று கைவிடப்படுகிறது. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு, மணிக்கு 150 கிலோமீற்றருக்கும் குறைந்த வேகத்திலேயே நிறுத்தப்படுகின்றன. அவற்றால் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் ஓடுபாதையைத் தாண்டி ஓடி விபத்தில் முடிந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை, முடிவு வேகத்தைக் கடந்த பின்னர் நிறுத்த முற்பட்டவை. நிற்பது துணிவு என்று பெரியவர் சொன்னதை ஏற்கலாம். எப்போது நிற்கிறோம் என்பதையும் அதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி அந்த டக்கோட்டாவுக்கு வருவோம். டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-3 முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 இல். போர்க்காலத்தில் அது ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது. போர் முடிந்ததும் உலகெங்கும் மலிவாகக் கிடைத்தது. எயர் சிலோன் தனது பயணத்தைத் தொடங்கியதும் டக்கோட்டாவில்தான். 1947 டிசம்பர் 10 இல் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது அவ்விமானம். அந்நிறுவனத்தின் முதல் டக்கோட்டாக்களுக்குச் சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி எனப் பெண்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. பிற்காலத்தில் சீனன்குடாவும் அதன் உள்நாட்டுப் பாதைகளில் இடம்பெற்றது. பெரியவர் கண்டது அந்த நாட்களைத்தான்.

டக்கோட்டாவின் வரலாற்றில் நமது பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. அதன் மூதாதையான டிசி-1 ஐ அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனம் கோரியபோது, தான் பயன்படுத்தும் எந்த விமான நிலையத்திலும், முழுச் சுமையோடு, ஒரே என்ஜினில் புறப்பாட்டைத் தொடரக்கூடியதாக அது இருக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அட்லாண்டிக்கைத் தனியே கடந்த லிண்ட்பெர்க் அந்நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். அந்த நிபந்தனையின் பின்னால் அவர் இருந்தார் என்பர். 1933 இல் அரிசோனாவின் உயர்நிலத்திலுள்ள வின்ஸ்லோவில், புறப்படும்போதே ஒரு என்ஜினை நிறுத்திவிட்டு மற்றதன் வலுவில் எழுந்து அல்புகர்க்கி வரை பறந்து அந்த விமானம் தன்னை நிறுவியது. பயணிகள் விமானத்தில் "ஒன்று போனாலும் மற்றது காக்கும்" என்ற நம்பிக்கை வேரூன்றியதில் அந்தப் பறப்புக்குப் பங்குண்டு.

ஆயினும் டக்கோட்டா ஜெட் விமானமன்று. அதன் சிறு சக்கரம் வாலில் இருக்கிறது. தரையில் நிற்கும்போது மூக்கு வானை நோக்கியிருப்பதால் விமானிக்கு முன்னால் நேராகப் பார்ப்பது கடினம். ஓட்டத்தில் வால் உயரும்வரையும், நிறுத்தும்போது வால் மீண்டும் படியும்போதும், பக்கவாட்டில் சுழன்றுவிட அது எப்போதும் ஆயத்தமாக இருக்கும். ஒரு என்ஜின் நின்று மற்றது முழு வலுவில் இயங்கினால் மூக்கு ஒரு பக்கம் இழுபடும். பின்னோக்கி உந்தி வேகத்தைக் குறைக்கும் வசதி அதில் இல்லை. இன்றைய விமானங்களில் இருப்பவை போன்ற, சக்கரம் சறுக்காமல் தடுக்கும் பிரேக்குகளும் இல்லை. கடுமையாக பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். எனவே அந்தக் காட்சியில் விமானம் தள்ளாடி நின்றது விமானியின் தடுமாற்றமென எனக்குத் தோன்றவில்லை. அந்த இயந்திரத்தின் இயல்பு அது. அதனை அவர் அடக்கி நிறுத்தியிருக்கிறார்.

சீனன்குடாவுக்கே இத்தகைய கணக்குகள் புதியனவல்ல. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் தாக்கிய தளம் என்றே அதனைப் பலர் அறிவர். ஈராண்டுகளுக்குப் பின் அங்கே நடந்ததை அறிந்தோர் குறைவு. 1944 ஆகஸ்ட் 10 ஆம் திகதி மாலை, அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 54, ஒன்றன்பின் ஒன்றாகச் சீனன்குடாவிலிருந்து எழுந்தன. இலக்கு, சுமாத்திராவின் பாலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. போய்வரும் தூரம் ஆறாயிரம் கிலோமீற்றருக்கு மேல். அவ்வளவு எரிபொருளைச் சுமந்த விமானம் எழுவதற்காகவே இங்குள்ள ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டிருந்தது. எரிபொருளின் சுமையால், ஒவ்வொரு விமானமும் ஏறக்குறைய ஒரு தொன் குண்டுகளையே ஏற்ற முடிந்தது. ஓடுபாதையின் நீளமும் விமானத்தின் எடையும் மனிதரின் விருப்பத்துக்கு இணங்குவனவல்ல. போரே ஆயினும் அதற்கு விலக்கில்லை.

அன்றைய புறப்பாட்டில் ஒரு சிறு நிகழ்வு எனக்குப் பிடித்தமானது. எழுந்து நாற்பது நிமிடங்கள் பறந்த ஒரு விமானம் என்ஜின் கோளாறினால் சீனன்குடாவுக்கே திரும்பியது. பழுது இரண்டு மணி நேரத்தில் சரிசெய்யப்பட்டது. அவ்விமானம் மீண்டும் எழுந்து, தனியாகவே சென்று, தன் இலக்கைத் தாக்கியது. திரும்பி வந்ததற்காக யாரும் அந்தக் குழுவினரைக் குறைகூறியதாக வரலாறு சொல்லவில்லை. வேலையை விட்டுவிடுவதும், வேலையை இப்போது நிறுத்துவதும் வேறுவேறு என்பதைப் போர்க்களத்திலேயே புரிந்துவைத்திருந்தனர். அமைதிக்காலப் பயணிகள் விமானத்தில் அந்தத் தெளிவு எளிதில் கிட்டுவதில்லை. அதற்கு மியூனிக்கைவிடக் கொடிய சான்று வேறில்லை.

1958 பெப்ரவரி 6. மான்செஸ்டர் யுனைட்டெட் கால்பந்து அணியினரும் பத்திரிகையாளர்களும் பெல்கிரேடிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். பிரித்தானிய ஐரோப்பிய விமான சேவையின் அம்பாசடர் ரகத்து இரட்டை என்ஜின் விமானம். எரிபொருள் நிரப்ப மியூனிக்கில் இறங்கியிருந்தது. பிற்பகல் இரண்டரை மணியளவில் புறப்பட முயன்றபோது ஒரு என்ஜினின் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்ட விமானிகள் நிறுத்தினர். சில நிமிடங்களில் இரண்டாம் முயற்சி, அதையும் நிறுத்தினர். பயணிகள் இறங்கி நிலையத்துக்குள் சென்றனர். அழுத்தம் இவ்வாறு ஏறி இறங்குவது அவ்வகை என்ஜினுக்குப் புதிதன்று. இரவு தங்கிச் சரிபார்க்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. விசையை மெதுவாகக் கூட்டினால் கோளாறு தோன்றாது. ஓட்டம் சற்று நீளும், ஆனால் ஓடுபாதை நீண்டதுதானே என்று கருதினார் தலைமை விமானி ஜேம்ஸ் தெய்ன். கால்மணி நேரத்தில் பயணிகள் மீண்டும் அழைக்கப்பட்டனர்.

மூன்றாவது ஓட்டத்தில் என்ஜின் அடங்கி நடந்தது. முடிவு வேகமான 117 நொட்டையும் விமானம் எட்டியது. எழுவதற்கு 119 நொட் வேண்டும். இரண்டே நொட் குறைவு. முன்னிரு முயற்சிகளிலும் சக்கரம் தொடாத ஓடுபாதையின் கடைப்பகுதியில், சேறுபோல் உருகிய பனி படிந்து கிடந்தது. விமானம் அதற்குள் புகுந்தது. வேகம் 112 ஆக இறங்கியது, பின்னர் 105. பறக்கவும் வேகமில்லை, நிற்கவும் இடமில்லை. வேலியை உடைத்து, வீதியைக் கடந்து, ஒரு வீட்டின்மேல் மோதியது. விமானத்திலிருந்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். அவர்களில் எண்மர் விளையாட்டு வீரர்கள், எண்மர் பத்திரிகையாளர்கள். அன்று விமானத்தைச் செலுத்திய துணை விமானி கென்னத் ரேமண்டும் சில வாரங்களுக்குப் பின் இறந்தார்.

இறக்கையில் உறைந்த பனியை அகற்றாததே காரணம் என்று ஜெர்மனியின் விசாரணை தெய்ன் மீது பழிபோட்டது. அவர் வேலையை இழந்தார். ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறே காரணம் என்று பிரித்தானிய விசாரணை அவரை விடுவித்தபோது ஆண்டு 1969. ஆறாண்டுகளின் பின் அவர் காலமானார்.

இருமுறை நிறுத்தியவர் மூன்றாம் முறை ஏன் போனார் என்று கேட்பது எளிது. இருமுறை நிறுத்தியவருக்கு மூன்றாம் முறை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதையும் கேட்க வேண்டும். இறங்கி ஏறிய பயணிகளின் முகங்கள், காத்திருக்கும் நிறுவனம், இருட்டிக்கொண்டு வரும் வானம், ஊரில் காத்திருக்கும் அடுத்த ஆட்டம் ஆகிய யாவும் விமானியின் அறைக்குள்ளும் வந்து அமர்ந்துகொள்கின்றன. இதைவிட முக்கியமான இன்னொன்றையும் மியூனிக் காட்டியது. 117 நொட் என்ற எண் பொய்யானதன்று. உலர்ந்த ஓடுபாதைக்கு அது மெய். மாறியிருந்தது தரை. எல்லா விதிகளையும் கடைப்பிடித்து முடிவு வேகத்தைக் கடந்த பின்னர், அந்த விதிகளுக்கு அடிப்படையான தரையே கைவிட்டுவிட்டது. விமானி தன் அறையிலிருந்து எடுக்கும் முடிவின் பாதிக்குமேல், ஓடுபாதையைப் பேணுவோர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுதான்.

நம் அண்டையில் நடந்த இரண்டு நிகழ்வுகள் இதற்குப் பொருத்தமானவை. 1986 செப்டெம்பர் 29 இல் சென்னை மீனம்பாக்கத்தில் இந்தியன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் எயர்பஸ் ஏ-300 ஒன்று புறப்பட ஓடுகையில் என்ஜினுக்குள் பறவை புகுந்தது. புறப்பாடு கைவிடப்பட்டது. விமானம் ஓடுபாதையின் எல்லையைத் தாண்டிச் சென்று நின்றது. உயிரிழப்பு இல்லை, ஆனால் அந்த விமானம் மீண்டும் பறக்கவேயில்லை. கடற்கரையில் இளைஞர்கள் இதனைப் பற்றியும் வாதிட்டனர். பல கோடி பெறும் விமானம் ஒரு பறவையால் வீணானது என்றார் ஒருவர். அத்தனை பேரும் நடந்து வீடு சென்றார்கள் அல்லவா என்றார் மற்றவர். இருவரும் ஒரே நிகழ்வைத்தான் சொன்னார்கள். 1970களில் புதுமையின் அடையாளமாக இந்தியாவுக்கு வந்த அந்த ரகமும் இன்று பழைய விமானங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்பது என்போன்றவர்களுக்குச் சற்றே வருத்தம் தரும் செய்தி.

மற்றது 1993 ஏப்ரல் 26 இல் ஔரங்காபாத்தில் நடந்தது. அதே நிறுவனத்தின் போயிங் 737, 118 பேருடன் புறப்பட்டது. ஓடுபாதையின் கோடியில் தாமதமாக எழுந்த விமானத்தின் சக்கரம், விமான நிலையத்துக்கு வெளியே வீதியில் பருத்திப் பொதிகளோடு சென்ற லொறியில் மோதியது. 55 பேர் உயிரிழந்தனர். விமானத்தை உயர்த்துவதில் விமானிகள் தாமதித்ததை விசாரணை குறையாகக் கண்டது. அதனோடு நிற்காமல், பறப்பு நேரங்களில் அந்த வீதியின் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தத் தவறிய விமான நிலைய நிர்வாகத்தையும் குறைகூறியது. அந்த இரண்டாம் பகுதியைப் பலர் மறந்துவிட்டனர். ஓடுபாதை முடியும் இடத்தில் விமான நிலையத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பாதையையும் அதனைச் சூழ்ந்த சிறு பட்டையையும் கடந்து, குறைந்தது 90 மீற்றர் வெற்றுநிலம் வேண்டும், இயலுமிடத்து 240 மீற்றர் வேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் நியமம். இடமில்லாத நிலையங்களில், சக்கரம் புதையும்படி நொறுங்கும் தன்மையுடைய இலேசான கொங்கிரீட்டைப் பரப்புகின்றனர்.

நிறுத்திய பின்னரும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை என்பதற்கு நமது நாட்டிலேயே சான்றுண்டு. 2005 செப்டெம்பர் 8 இல் கட்டுநாயக்காவில், சவூதி அரேபிய நிறுவனத்தின் போயிங் 747 புறப்படுவதற்காக நகர்ந்துகொண்டிருந்தபோது, அதில் வெடிகுண்டு இருப்பதாகத் தகவல் வந்தது. விமானம் நிறுத்தப்பட்டு, பயணிகள் சறுக்குப் பாதைகள் வழியே வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலோர் வளைகுடாவில் தொழில்புரியச் சென்றவர்கள். நெரிசலில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். குண்டு எதுவும் கிடைக்கவில்லை. ஓடாத விமானத்திலிருந்து வெளியேறுவதே இப்படியாயின், சக்கரங்கள் கொதிக்க நின்ற விமானத்தில் கதவைத் திறப்பதா பொறுப்பதா என்ற அடுத்த முடிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். புகை கண்டதும் மேலே உள்ள பைகளை இழுக்கத் தொடங்கும் நம்மவர்களின் பழக்கத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

பழைய விமானங்களில் பயணிகளை ஏற்றலாமா என்ற வினாவுக்கு 2018 ஆம் ஆண்டு கசப்பான விடைகளைத் தந்தது. அவ்வாண்டு ஜூலை 10 இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா அருகே, அருங்காட்சியகம் ஒன்றுக்குச் செல்லவிருந்த கொன்வெயர் 340 விமானம் ஒன்றின் இடப்புற என்ஜின் புறப்பாட்டில் தீப்பற்றி, அது விழுந்து நொறுங்கியது. ஜூலை 21 இல் டெக்சாசில், வான்காட்சி விழாவுக்குப் புறப்பட்ட டக்கோட்டா ஒன்று ஓடுபாதையை விட்டு விலகி, தரையில் மோதி எரிந்தது. அதிலிருந்த 13 பேரும் உயிர்தப்பியது வியப்பே. ஓட்டத்தின்போது திசைக்கட்டுப்பாட்டைக் காக்கத் தவறியதே காரணமென விசாரணை கூறியது. வாலில் சக்கரம் கொண்ட விமானங்களின் பழைய நோய் அது. ஆகஸ்ட் 4 இல் சுவிட்சர்லாந்தின் மலைகளிடையே, 1930களில் கட்டப்பட்ட யுங்கர்ஸ் 52 விழுந்து 20 பேரும் மாண்டனர். ஒரு மாதத்துக்குள் மூன்று. சுவிஸ் அரசு அடுத்த ஆண்டே அந்த நிறுவனத்தின் வணிக ரீதியான பயணிகள் பறப்பைத் தடைசெய்தது.

அதே 2018 இல்தான், பிரித்தானியாவில் செப்பனிடப்பட்ட டக்கோட்டா ஒன்று, "பரசுராமா" என்னும் பெயரோடு, பல நாடுகளைக் கடந்து ஏப்ரலில் இந்தியாவின் ஜாம்நகர் வந்து சேர்ந்து, இந்திய விமானப்படையின் பழம்பொருள் அணியில் இணைந்தது. ஆகவே பழையது என்பதற்காகவே ஒரு விமானத்தைத் தரையில் கட்டிப்போட வேண்டியதில்லை. தேர்ந்த குழுவினர், தெளிந்த வானிலை, தேவைக்கும் மேலான ஓடுபாதை இருப்பின், தம் உயிருக்குத் தாமே பொறுப்பேற்றவர்கள் பறக்கட்டும். பயணச்சீட்டு வாங்கிய பயணியை அதில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் என்ஜின் நின்றால் எவ்வளவு தூரத்தில் நிற்கலாம், எவ்வளவு உயரம் ஏறலாம் என்பனவற்றை இன்றைய பயணிகள் விமானம் சோதனையில் நிறுவிக் காட்டிய பின்னரே நம்மை ஏற்றுகிறது. எண்பது வயதான உலோகமும் எங்கிருந்தோ தேடியெடுத்த உதிரிப்பாகங்களும் அந்த உறுதியைத் தரமாட்டா. இளைஞர்கள் இதனை ஒப்பவில்லை. பறக்காத விமானம் வெறும் சிலை என்றார்கள்.

இவையெல்லாம் விமானக் காதலர்களின் பொழுதுபோக்கு வாதம் என்று ஒதுக்குவதற்கில்லை. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 இல் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அங்கே வந்திறங்கியவை ஏடிஆர்-72 போன்ற சுழலி விமானங்களே. பெரிய ஜெட் விமானம் ஏன் வரவில்லை, பொதிகளுக்கு ஏன் இத்தனை கிலோ என்ற வரம்பு என்று நம் மக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடையின் ஒரு பகுதி நாம் இதுவரை பேசியதில் இருக்கிறது. ஒரு விமானம் எழுவதற்கு வேண்டிய தூரம் மட்டும் ஓடுபாதையாக இருந்தால் போதாது. முடிவு வேகம் வரை ஓடி, பின்னர் நிற்பதற்கு வேண்டிய தூரமும் அதற்குள் அடங்க வேண்டும். அந்த மிகுதி நிலம் பெரும்பாலான நாட்களில் யாருக்கும் பயன்படாது. வெறுமனே கிடப்பதாகத் தோன்றும். அதனை மிச்சப்படுத்தலாமே என்று சொல்ல அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் எப்போதும் உளர். சீனன்குடாவைப் பொதுமக்களின் பறப்புக்கு விரிவுபடுத்துவது பற்றியும் அவ்வப்போது பேசப்படுகிறது. போர்க்காலத்தில் 7,200 அடிக்கு நீட்டப்பட்ட தளம் அது. இனி வரும் எந்தத் திட்டத்திலும், எத்தனை பயணிகள், எத்தனை சேவைகள் என்று கேட்பதற்கு முன்னர், ஓடுபாதையின் இரு கோடிகளுக்கும் அப்பால் எவ்வளவு நிலம் வெறுமையாக விடப்படுகிறது என்று நமது பிரதிநிதிகள் கேட்பார்களாக. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை.

இருட்டிவிட்டது. எழுந்து மணலைத் தட்டிக்கொண்ட பெரியவர், அந்தக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னார். வால் உயர்ந்தது, புகை வந்தது, விமானம் நின்றது.

"இதில் பாதை எவ்வளவு மிச்சம் இருக்குது, தம்பி?" என்று கேட்டார்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். முதன்முறை பார்த்தபோது யாரும் அதனைக் கவனித்திருக்கவில்லை. திரையின் ஓரத்தில், மூக்குக்கு முன்னால், ஒரு விமானத்தின் நீளத்துக்குமேல் இராது.

"இவ்வளவுதான், ஐயா" என்றார் கைபேசியை வைத்திருந்தவர்.